குதிரைச் சத்தம் கேட்டு நடுங்கிய பிள்ளைகள் 'குட்டி ராசு'வை மறக்கவில்லை!

தாம்பரம்,

"ராத்திரி ஆனா கொல்லைப்புறம் போக ஆள் துணை வேணும். அம்மா வரணும், இல்லேன்னா அண்ணன் வரணும். தனியா போகச் சொன்னா அழுதுடுவேன். எல்லாம் அந்தக் குதிரையாலே வந்த வினை!"

இப்படிச் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார், மேற்கு தாம்பரம் சண்முகம் ரோட்டில் பை, பெல்ட், பர்ஸ் விற்கும் கடைக்காரர். அவருக்கு இப்போது வயது நாற்பதைத் தொடுகிறது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. ஆனால் குதிரைக் குளம்புச் சத்தம் என்று பேச்செடுத்ததும், ஆள் பழையபடி பள்ளிக்கூடப் பையன் ஆகிவிட்டார்.

எந்தக் குதிரை? எந்த சத்தம்?

வாசகர்களில் பாதிப் பேர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு'தான் அது!

1997, 98-ம் ஆண்டுகளில் சன் டி.வி.யில் வாரம் ஒரு நாள் ஓடிய தொடர். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விட்டு விடு கருப்பா' நாவலை, டைரக்டர் நாகா தொடராக எடுத்தார். தயாரித்தது கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம். ஊருக்குக் காவல் நிற்கும் கருப்பு சாமி, தப்பு செய்தவனைத் தேடி இரவில் குதிரை ஏறி வருகிறார். கொலை விழுகிறது. கொலை செய்வது சாமியா, ஆசாமியா? இதுதான் கதை. (கேஸ் இந்த நிருபரிடம் வந்திருந்தால் 'மர்ம ஆசாமி கைவரிசை' என்று தலைப்புப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். நாகா அப்படி விடவில்லை. மாதக்கணக்கில் மக்களை அலைய விட்டார்.)

அந்தத் தொடரில் சிறுவன் ராசுவாக வந்த பையன்தான் லோகேஷ் ராஜேந்திரன்.

தாம்பரம் வட்டாரத்தில் அவரை இன்னும் நினைத்துக் கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கக் கிளம்பினோம். ஒரு வாரம் சுற்றியதில் கிடைத்தவைதான் இங்கே.

டயனோரா பெட்டியும் கேபிள் வயரும்

முதலில் போன இடம், ரெயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு சந்தில் இருக்கும் டி.வி. மெக்கானிக் கடை. கடை என்றால் கடைதான். ஆனால் இப்போது டி.வி. ரிப்பேர் அதிகம் வருவதில்லை. மிக்சியும் இன்டக்ஷன் அடுப்பும்தான் வருகின்றன. மூலையில் ஒரு பழைய டயனோரா டி.வி. பெட்டி தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் சாமி படம். அதற்குப் பூ.

மெக்கானிக் பெரியவர் நம்மிடம் கூறியதாவது:-

"தம்பி, அப்போ முடிச்சூர், பெருங்களத்தூர் எல்லாம் இப்ப மாதிரி கிடையாது. வயல் இருந்தது. ஏரியிலே தண்ணி இருந்தது. நாலு வீட்டுக்கு ஒரு தெரு விளக்கு எரிஞ்சா பெரிய விஷயம். கேபிள் வயரை மரத்து மேலே, பனை மேலே கட்டி இழுத்துக்கிட்டு வருவாங்க. காத்தடிச்சா வயர் அறுந்திடும். கேபிள்காரனைத் தேடி ஆள் போகும். 'மர்மதேசம்' போடற அன்னிக்கு வயர் அறுந்துச்சுன்னா அவன் ஊரை விட்டே ஓடணும்! அவ்வளவு ஏச்சு விழும்.

"என் கடைக்கு டி.வி. வந்தா 'எப்ப கிடைக்கும்?'னு கேக்க மாட்டாங்க. 'கருப்புக்கு முன்னாடி கிடைக்குமா?'னுதான் கேப்பாங்க. பிக்சர் டியூப் போன பெட்டியைக் கொடுத்துட்டு, 'படம் வராட்டியும் பரவாயில்லே, சத்தமாவது வர்ற மாதிரி பண்ணிக் குடு'ன்னு ஒரு அம்மா கெஞ்சினாங்க. சத்தத்தை மட்டும் கேட்டே அவங்க வீட்டுப் பிள்ளைங்க பயந்துச்சுங்க."

இவ்வாறு அவர் கூறினார்.

அவர் சொன்னது பொய்யில்லை என்பதை, முடிச்சூர் ரோட்டில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் உறுதி செய்தார். அவர் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் தொடரை வீடியோ காசெட்டில் பதிவு செய்தே வைத்திருந்தாராம். ஏழெட்டு காசெட். மேலே ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் போட்டு, பிள்ளைகள் கை படாமல் பரணில் வைத்திருந்தார். பிறகு வீடியோ பிளேயர் பழுதானது. காசெட்டுகள் கீழே இறங்கி, கட்டிலுக்கு அடியில் போயின. 2015 டிசம்பரில் அடையாறு வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்ததே, அதில் எல்லாம் சேறாகிவிட்டது.

"பீரோ போச்சு, மெத்தை போச்சு, பத்திரம் எல்லாம் நனைஞ்சுது. அதையெல்லாம் விட்டுட்டு அவர் அந்தக் காசெட்டைத்தான் வெயில்லே காய வெச்சார். எனக்குக் கோபம் வந்துச்சு. இப்ப நினைச்சாப் பாவமா இருக்கு" என்றார் அந்த அம்மாள்.

ரெயிலில் நடந்த பந்தயம்

தொடர் ஓடிய மறுநாள் காலை, தாம்பரம் - கடற்கரை மின்சார ரெயிலில் வேறு பேச்சே இருக்காதாம். அப்போது இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் ரெயில். 1931-ல் தொடங்கி 2004 வரை ஓடிய குட்டை ரெயில். உட்கார இடம் கிடைத்தவன் ராஜா.

எழும்பூரில் ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற சேலையூர்க்காரர் சொன்னார்: "எங்க பெட்டியிலே ரெண்டு கட்சி. ஒண்ணு, சாமிதான் வருதுன்னு சொல்ற கட்சி. இன்னொண்ணு, ஆள்தான் வேஷம் போட்டுக்கிட்டு வர்றான்னு சொல்ற கட்சி. குரோம்பேட்டையிலே ஒருத்தர் ஏறுவார், பகுத்தறிவு பேசறவர். அவர்தான் ஆள் கட்சிக்குத் தலைவர். சைதாப்பேட்டை வர்றதுக்குள்ளே தொண்டை கட்டிடும். தோத்தவங்க எழும்பூர் ஸ்டேஷன் வெளியே எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித் தரணும்னு பந்தயம்."

யார் ஜெயித்தார்கள்?

அதை எழுத முடியாது. தொடர் இப்போது யூடியூபில் கிடக்கிறது. புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்கள் எத்தனையோ பேர். முடிவைச் சொன்னால் இந்த நிருபரைத் தேடிக் கருப்பே வரும்.

பெரியவர்களுக்கு இப்படிப் பந்தயம். பிள்ளைகளுக்கு? அவர்களுக்கு அந்தத் தொடரில் தங்கள் வயதில் ஒரு ஆள் இருந்தான். அதுதான் ராசு.

தாம்பரத்திலிருந்து தினமும் ரெயில் ஏறி பாரிமுனைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி, பெண்கள் பெட்டியில் நின்றபடியே பேசினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"நான் அப்போ நாலாவது. பெரியவங்க யார் வந்தாலும் எனக்கு ஞாபகம் இல்லே. அந்தப் பையன் முகம் மட்டும் ஞாபகம் இருக்கு. அவன் பயந்தா நாங்களும் பயப்படுவோம். அவன் முறைச்சா எங்களுக்குத் தைரியம் வந்துடும். என் தம்பிக்கும் அவன் வயசுதான். தம்பி, 'நானும் நடிக்கப் போறேன்'னு சொல்லி ரெண்டு நாள் சாப்பிடலே. அப்பா அடி பின்னிட்டார்."

பிறகு 'ஜீ பூம்பா' தொடரிலும் லோகேஷ் வந்தார். பிள்ளைகள் அவரைத் தங்கள் தெருப் பையனாகவே வரித்துக் கொண்டார்கள். சின்னத்திரை, பெரிய திரை இரண்டிலும் அவர் குழந்தை நட்சத்திரமாக நடித்தார். 150 தொடர்கள், 15 படங்கள் என்று பத்திரிகைகள் கணக்கு எழுதின. விஜயகாந்த், பிரபு படங்களும் அதில் அடக்கம்.

இந்தக் கணக்கெல்லாம் எப்போது வெளிவந்தது தெரியுமா? அவர் இறந்த பிறகு!

ஆயுத பூஜை அன்று...

2022 அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை. ஆயுத பூஜை. தாம்பரம் மார்க்கெட்டில் கடைக்குக் கடை பொரியும் பூசணிக்காயுமாக இருந்த நாள். அன்று இரவு, கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் லோகேஷ் ராஜேந்திரன் உயிர் பிரிந்தது. வயது 34.

அதற்கு முந்தைய நாட்களில் கோயம்பேடு பஸ் நிலையத்தில் அவர் படுத்துக் கிடந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அங்கேயே உடல் நிலை மோசமாகித் துடித்தார். பக்கத்தில் இருந்த பயணிகள் 108 ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் தகவல் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பலன் இல்லை. தற்கொலை என்று போலீசார் தெரிவித்தனர்.

எப்படி, என்ன காரணம் என்றெல்லாம் அப்போதே சில பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன. குடும்பத்துச் சங்கதியும் சந்திக்கு வந்தது. அதையெல்லாம் இங்கே திரும்பக் கிளற வேண்டியதில்லை. கிரைம் பக்கம் எழுதுகிறவன்தான் நான். இருந்தாலும் சிலதை விட்டுவிடலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை விட முடியவில்லை.

அந்த வாரம் தொடர்ந்து விடுமுறை. சனி, ஞாயிறு, நடுவில் ஒரு திங்கள், பிறகு ஆயுத பூஜை, விஜயதசமி. தென் மாவட்டங்களுக்குப் போகிறவர்களில் பலரும் கோயம்பேட்டில்தான் பஸ் ஏறுவார்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது அதற்கு ஓராண்டு கழித்து, 2023 டிசம்பர் 30-ல்தானே! அன்று கோயம்பேட்டில் பஸ்சுக்கு நின்ற கூட்டத்தில் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்? அத்தனை பேரும் 'விடாது கருப்பு' பார்த்து வளர்ந்தவர்கள். 'ராசு' என்று பெயர் சொன்னால் முகம் மலர்பவர்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த மனிதரைத் தாண்டி, பெட்டியைத் தூக்கிக் கொண்டு போயிருப்பார்கள்?

பெருங்களத்தூரில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் இளைஞர் (இளைஞர் என்று சொன்னால் சிரிக்கிறார், 36 ஆகிறதாம்) இதைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். டீ கிளாசைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"அந்த லீவுக்கு நான் திருச்சி போனேன் சார். கோயம்பேட்டிலே ஒன்றரை மணி நேரம் நின்னேன். தரையெல்லாம் ஆளுங்க படுத்திருந்தாங்க. யார் முகத்தைப் பார்த்தேன்? காலை மிதிச்சிடக் கூடாதேன்னு கீழே பார்த்து நடந்தேன், அவ்வளவுதான். அவர் அங்கேதான் இருந்தாரான்னு எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. செய்தி வந்தப்புறம் மூணு நாள் தூக்கம் இல்லே."

அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒன்பது வயதில் பார்த்த முகம். 34 வயதில் தாடி மீசையோடு தரையில் கிடந்தால் பெற்றவளுக்குக்கூடச் சட்டென்று பிடிபடாது.

அதே சமயம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 108-க்குப் போன் செய்தவர்கள் நடிகர் என்று தெரிந்து செய்யவில்லை. யாரோ ஒரு மனிதன் வலியால் துடிக்கிறான் என்றுதான் செய்தார்கள். பஸ் கிளம்பிவிடும் என்ற அவசரத்தில் நின்று செய்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

ஒரே வார இறுதியில் இரண்டு சாவு

'மர்மதேச'த்துக்கு விழுந்த அடி அதோடு நிற்கவில்லை.

அந்த வரிசையின் முதல் கதையான 'ரகசிய'த்தில் நடித்த டெல்லி கணேஷ், 2024 நவம்பர் 9-ந்தேதி இரவு சென்னையில் காலமானார். வயது 80. மறுநாளே, நவம்பர் 10-ந்தேதி, கதையை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார்! அவர் கதையிலேயே இப்படி ஒரு திருப்பம் வந்தால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள்.

டெல்லி கணேஷ் பேச்சு வந்தால் தாம்பரத்துக்காரர்கள் சிலருக்கு நெஞ்சு நிமிரும். காரணம் உண்டு. அவர் நடிக்க வருவதற்கு முன் பத்தாண்டுகள் விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் வேலை பார்த்துக் கொண்டே நாடகம் போட்டதால்தான் பெயருக்கு முன்னால் 'டெல்லி' வந்து ஒட்டிக் கொண்டது. விமானப்படைத் தளம் இருக்கும் ஊர் தாம்பரம். ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர்கள் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள்.

அவர்களில் ஒருவர் சொன்னார்: "சினிமாவிலே அவர் பாலக்காட்டு சமையல்காரரா வந்தார், வில்லனா வந்தார். எங்களுக்கு அவர் 'நம்ம ஆள்'. சாவுக்கு விமானப்படைக்காரங்க வந்து மரியாதை பண்ணினதை டி.வி.யிலே பார்த்தேன். நான் வீட்டிலேயே எழுந்து நின்னு சல்யூட் அடிச்சேன். வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தா."

அவருக்குக் கிடைத்தது நிறைந்த வாழ்வு. நானூறு படத்துக்கு மேல். கலைமாமணி. சாவிலும் மரியாதை. குட்டி ராசுவுக்கு? இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாதுதான். மனசு கேட்கவில்லை.

பையன் சம்பாதித்த பணம்

குழந்தை நட்சத்திரம் என்றால் எல்லோருக்கும் ஆசை. கன்னத்தைக் கிள்ளுவார்கள். கூட நின்று போட்டோ எடுப்பார்கள். மீசை முளைத்ததும் கம்பெனிக்காரர் போனை எடுக்க மாட்டார். படிப்பில் பாதி போயிருக்கும். குழந்தையாக நடித்துப் பிறகு கதாநாயகன் ஆனவர்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். கமல்ஹாசன் பெயரைச் சொல்லியே எத்தனை பெற்றோர்கள் பிள்ளைகளை ஸ்டூடியோ வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள்!

இதற்கென்று சட்டம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் தாமதமாக வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி, 2017-ல் விதிகள் போட்டார்கள். அதன்படி, குழந்தையை நடிக்க வைப்பதற்குக் கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. பள்ளிப் படிப்பு கெடக் கூடாது. முக்கியமாக, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் பாங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டு வைக்க வேண்டும். வயது வந்ததும் அது அந்தப் பிள்ளைக்குச் சேரும்.

நல்ல விதி. ஆனால் 1997-ல் குதிரைக்குப் பயந்து ஓடிய பையனுக்கு இந்த விதி கிடையாது. விதி வந்தபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது.

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். மனம் உடைந்தவர்கள் எந்த நேரமும் பேசலாம் என்று '14416' என்ற இலவச டெலிபோன் எண்ணை மத்திய அரசு தொடங்கியது. 'டெலி மானஸ்' என்று பெயர். தமிழிலும் பேசலாம். தொடங்கிய தேதி 2022 அக்டோபர் 10. லோகேஷ் இறந்து ஆறே நாள்! தமிழக அரசின் '104' அதற்கு முன்பே இருந்தது. இரண்டு எண்ணையும் வாசகர்கள் குறித்து வைத்துக் கொள்ளலாம். உங்களுக்கு இல்லாவிட்டாலும், பக்கத்து சீட்டுக்காரருக்கு உதவும். ரெயில் நிலையச் சுவரில், 'படியில் பயணம் நொடியில் மரணம்' எழுதுகிற இடத்தில் இதையும் பெரிதாக எழுதி வைத்தால் என்ன? பெயின்ட் செலவுதானே!

கிளாம்பாக்கத்தில் ஒரு இரவு

கடைசியாக ஒரு இரவு கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போனோம். கோயம்பேட்டிலிருந்து தெற்கே போன பஸ்கள் இப்போது இங்கிருந்துதான் கிளம்புகின்றன. புதுக் கட்டிடம். தரை பளபளக்கிறது. அதே தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள் பத்து நாற்பது பேர். பஸ் தவறவிட்டவர் உண்டு. விடியற்காலை பஸ்சுக்கு முன்கூட்டியே வந்தவர் உண்டு. கூலி வேலைக்கு வந்து தங்க இடம் இல்லாதவர் உண்டு. வேறு எதற்கும் போக இடம் இல்லாதவரும் உண்டு. பார்த்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் தூங்குகிறார்கள்.

அங்கே டீ விற்கும் ஒருவரிடம், "இதில் யார் பயணி, யார் பயணி இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா, அண்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது நாளும் அதே ஆள் அதே இடத்திலே இருந்தா தெரிஞ்சிடும். டீ வேணுமான்னு கேப்பேன். வாங்கினா சரி. வாங்காம திரும்பிப் படுத்தா ஏதோ சரியில்லேன்னு அர்த்தம். அப்போ போலீஸ் ஏட்டய்யாகிட்டே ஒரு வார்த்தை போட்டு வைப்பேன்" என்றார்.

அவருக்கு வயது முப்பத்தாறு. 'விடாது கருப்பு' பார்த்திருக்கிறீர்களா என்றேன். "பார்க்காமே? எங்க ஊர் திண்டிவனம் பக்கம். பஞ்சாயத்து டி.வி. முன்னாடி உக்காந்து பார்த்தேன்" என்றார். ராசுவாக நடித்த பையன் செய்தி தெரியுமா என்றேன். தெரியவில்லை. சொன்னேன். கெட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு தரையில் படுத்திருந்தவர்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்குக் கொடுத்த டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சண்முகம் ரோட்டுக் கடைக்காரரை மறுபடி பார்க்கப் போனேன். முதல் நாள் பேசியதில் பேனாவை அங்கேயே விட்டுவிட்டேன். அவருடைய சின்னப் பையன், ஒன்பது வயது, பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். 'விடாது கருப்பு' ஓடிக் கொண்டிருந்தது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக் கொண்டு, ஒரு கண்ணை மூடியபடி பார்க்கிறான். நான் கேட்டுவிட்டுப் போனதால் அப்பாதான் போட்டுக் காட்டினாராம்.

திடீரென்று பையன் திரும்பி, "அப்பா, இந்தப் பையன் இப்போ எங்கே இருக்கான்?" என்று கேட்டான்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெல்ட்டுகளைப் பார்த்தேன்.

"அவன் பெரியவனாயிட்டான்டா" என்றார் அவர். பிறகு வாசலில் நின்ற அம்மாவிடம், "எதும்மா, ஜிப் வெச்சதா? உள்ளே வந்து பாருங்க" என்று எழுந்து போனார்.